வரவில்லையா, யாரும் பார்க்கவில்லையா

நான் வேலை பார்த்த இடத்தில் இப்போது படங்களை மனிதர் யாரும் பார்ப்பதில்லையாம். கம்ப்யூட்டரே படம் எடுத்து, கம்ப்யூட்டரே கழித்து, எங்காவது ஒரு நட்சத்திரம் பளிச்சென்றால் கம்ப்யூட்டரே விஞ்ஞானிகளுக்கு மெயிலும் போட்டுவிடுகிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "சார், மெஷின் வர்றதுக்கு முன்னாடி நீங்கல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எழுதிக் குடுங்க சார்" என்றார்கள். கண்டுபிடித்தோமா என்பதே எனக்கு இன்னும் விளங்காத விஷயம் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்கள். தன்னடக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நிஜமாகவே குழப்பம்தான். எழுதிப் பார்த்தால் தீருமா என்று பார்க்கிறேன்.

வேறொரு துறையில் கருவி மெக்கானிக்காக இருந்தவன் நான். எண்பத்தொன்பதில் மாற்றலாகி இந்த வேலைக்கு வந்தேன். திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் போய், அப்புறம் ஜீப்பில் ஏற வேண்டிய ஒரு மலையில் தொலைநோக்கி இருந்தது. முதல் சில வருஷம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டு முடிப்பதற்குள் தகடு போய் எலக்ட்ரானிக் கேமரா வந்துவிட்டது. அதைக் கற்றுக்கொண்டதும், மலையில் கரண்ட் நிலையாக இல்லை என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர்களை ஊருக்குள் இறக்கினார்கள். அவற்றோடு என்னையும் இறக்கினார்கள்.

ஆபீஸ் செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, ஒரு வாடகை வீட்டு மாடி. கீழே வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் அறைகள். தெருவில் எங்களுக்கு 'நட்சத்திர ஆபீஸ்' என்று பெயர். ஒரு அம்மா மகளுடைய ஜாதகத்தோடு படியேறி வந்து, "மகம் நட்சத்திரங்க, கல்யாணம் எப்ப முடியும்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். நாங்கள் பார்ப்பது அந்த நட்சத்திரம் இல்லை, ரொம்ப தூரத்தில் இருப்பது என்றேன். "தூரத்துல இருக்கறதப் பாத்து யாருக்கு என்னங்க பிரயோஜனம்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

வேலை இதுதான். ஆண்ட்ரோமீடா என்று இன்னொரு விண்மீன் திரள் இருக்கிறது. அங்கேயுள்ள ஒரு நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவில், ஒளியே இல்லாத கனமான பொருள் ஏதாவது குறுக்கே போனால், அதன் ஈர்ப்பு அந்த ஒளியை வளைத்து நம் பக்கம் குவிக்கும். நட்சத்திரம் சில வாரம் பிரகாசமாகி, ஏறிய மாதிரியே இறங்கிவிடும். இருட்டில் மறைந்திருக்கும் பொருள் எவ்வளவு என்று இப்படித்தான் எண்ணப் பார்த்தார்கள். ஏற்றமும் இறக்கமும் ஒரே சாயலில் இருக்க வேண்டும். எந்த நிற வடிகட்டியில் பார்த்தாலும் ஒரே விகிதத்தில் ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஒரே ஒரு தடவைதான் வர வேண்டும். மறுபடி வந்தால், தானாகவே மின்னி மங்கும் சாதாரண நட்சத்திரம் என்று தள்ளிவிட வேண்டியதுதான்.

அங்கே நட்சத்திரம் தனியாகத் தெரியாது. கருப்புத் தட்டில் ரவையைக் கொட்டித் தெருக்கோடியில் நின்று பார்ப்பது போல இருக்கும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். அதனால் படத்தைப் படத்திலிருந்து கழிப்போம். காற்று ஆடாமல், படங்கள் கூர்மையாக வந்த நாட்களாகப் பொறுக்கி, அவற்றைச் சேர்த்து ஒரு படம் செய்து வைத்துக்கொள்வோம். அதற்குத் தாய்ப்படம் என்று பெயர் வைத்திருந்தோம். ஒவ்வொரு நாள் படத்தையும் தாய்ப்படத்தோடு சரியாகப் பொருத்த வேண்டும். அன்றைய படம் எவ்வளவு கலங்கியிருக்கிறதோ, தாய்ப்படத்தின் பிரதியையும் அதே அளவுக்குக் கலக்க வேண்டும். நல்ல படத்தை வேண்டுமென்றே கெடுக்கிற இந்த வேலை எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. அப்புறம் கழித்தால் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். தாய்ப்படத்தைவிட ஏறியது வெள்ளைப் புள்ளி, இறங்கியது கருப்புப் புள்ளி. நாங்கள் தேடியது வெள்ளையை.

எங்கள் தலைவர் டாக்டர் அப்பாண்டைராஜ். இந்தப் பக்கத்துச் சமணக் குடும்பம், வேர்க்கடலை விவசாயி வீட்டுப் பிள்ளை. பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார். பொழுது சாய்ந்தபின்தான் எங்கள் வேலையே ஆரம்பம். எல்லோரும் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருக்க, மனிதர் ஒரு நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். அவர் வாயிலிருந்து 'ஆமாம்' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. "சார், மழை பெய்யுதா?" என்றால், "சத்தம் கேக்குது" என்பார். "காபி சூடா இருக்கா சார்?" என்றால், "ஆவி வருது" என்பார். இது உங்கள் மதத்தில் உள்ள வழக்கமா, விஞ்ஞானத்தில் உள்ள வழக்கமா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "ரெண்டையும் பிரிச்சுப் பாத்ததில்ல மணி" என்றார். அவரோடு பேசிவிட்டு வந்தால், தெரிந்த விஷயமும் தெரியாததாகிவிடும்.

அவரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவள் தேன்மொழி. அடி அண்ணாமலைப் பெண். அப்பா நிலத்தில் பூ போடுவார், பௌர்ணமி என்றால் கிரிவலப் பாதையில் சுண்டல் கடை. தேன்மொழி நான்கு குளிர்காலமாக எங்களோடு இருந்தாள். ஆண்ட்ரோமீடா எங்களுக்குக் குளிர்காலத்தில்தான் வசதியாகக் கிடைக்கும். நான்காம் வருஷம் முடியும்போது அவளுடைய உதவித்தொகையும் முடிகிற நிலை. ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில், டாக்டர் பட்டம் வந்துவிட்டால் விரிவுரையாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பட்டத்துக்கு ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி வேண்டும். கிடைத்ததெல்லாம் மறு வருஷமே மறுபடி மின்னி எங்களை ஏமாற்றியவை.

"ஒண்ணுமே இல்லன்னு எழுதினா ஏத்துக்கமாட்டாங்களா சார்?" என்று ஒருநாள் அப்பாண்டைராஜ் சாரிடம் கேட்டாள்.

"இல்லங்கறதும் ஒரு முடிவுதாம்மா. ஆனா பாதி நாள் மேகம். பாக்காத நாள்ல என்ன நடந்துச்சுன்னு நாம எப்படிச் சொல்றது? இல்லன்னு சொல்றதுக்கும் நம்மகிட்ட ஆதாரம் கம்மி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இந்த நான்கு வருஷமும் எங்களோடு ஒரு கருப்புப் புள்ளி கூடவே வந்தது. மின்னி மங்கும் நட்சத்திரம் என்றால் கருப்பு கூடும், குறையும், சில மாதம் மறையும். இது அசையாத கருப்பு. இரண்டாம் வருஷம் எப்படியோ மூன்றாம் வருஷமும் அப்படியே. கேமராவில் குறை என்றால், கேமராவைத் திருப்பும்போது அதுவும் நகர வேண்டும். இது வானத்தோடேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சாரிடம் காட்டினேன். "மாறாம இருக்குன்னா தாய்ப்படத்துல ஏதோ கறையா இருக்கலாம். மூடி வெச்சிடுங்க" என்றார். அதுதான் முறை, எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்வார்கள். அந்த இடத்தின் மேல் ஒரு சின்னச் சதுரத்தைப் போட்டு, மெஷின் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதபடி மூடிவைத்தேன்.

நான்காம் சீசன் முடிந்த கையோடு கோடை வந்தது. திருவண்ணாமலைக் கோடையைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மத்தியானம் வோல்டேஜ் ஏறி இறங்கி, பெரிய டிஸ்க் ஒரு முனகலோடு நின்றுபோனது. தாய்ப்படம், மூடி வைத்த சதுரங்கள், கழித்து வைத்தவை எல்லாம் போயின. மூலப் படங்கள் டேப்பில் பத்திரமாக இருந்ததால் உயிர் தப்பினோம். ஆனால் முதல் வருஷத்து டேப்புகள் மலைமேல் இருந்தன. கையில் இருந்தவை மூன்றாம் வருஷத்து டேப்புகள். உதவித்தொகை முடியப்போகிற பெண் எத்தனை நாள் காத்திருப்பாள்? மூன்றாம் வருஷத்து நல்ல நாட்களைச் சேர்த்துப் புதிதாக ஒரு தாய்ப்படம் செய்தாள். முதல் வருஷத்து டேப்புகள் பஸ்ஸில் வந்து சேர்ந்ததும், அவற்றை எல்லாம் புதிய தாய்ப்படத்தோடு கழிக்க ஆரம்பித்தாள்.

நான் மதியச் சாப்பாடு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, இங்க வாங்களேன். நம்ம கறை வெளுத்துடுச்சு."

போய்ப் பார்த்தேன். சதுரம் போட்டு மூடிய அதே இடம். மற்ற வருஷங்களில் கருப்பு இல்லை, வெறும் சாம்பல். முதல் வருஷத்துக் கார்த்திகையில் மட்டும் வெள்ளைப் புள்ளி, உளுந்து அளவுக்கு. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல். "புதுத் தாய்ப்படத்துல கோளாறும்மா, திரும்பச் செய்" என்றேன். திரும்பச் செய்தாள். புள்ளி அப்படியே இருந்தது.

சார் வந்து, நின்றபடியே பார்த்தார்.

"மாறினது எது? வானமா, தாய்ப்படமா?"

"தாய்ப்படம் சார்."

"பழைய தாய்ப்படத்த எந்த நாள் படங்கள வெச்சுச் செஞ்சோம்?"

"முதல் வருஷம், புயலுக்கு அப்புறம் வானம் நல்லா இருந்துச்சே, அந்த நாளுங்க..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. புயல் கழுவிவிட்ட வானத்தில் எடுத்தவைதான் எங்களுடைய மிக நல்ல படங்கள். அவற்றைத்தான் தாய்ப்படமாக்கினோம். அதே நாட்களில்தான் அந்த நட்சத்திரமும் ஏறி நின்றிருக்கிறது. ஏறி நின்றதையே அதன் இயல்பு என்று வைத்துக்கொண்டு கழித்தால், மற்ற நாளெல்லாம் அது மங்கிப்போனதாகத்தானே தெரியும்? நாங்கள் தேடியது தாய்ப்படத்துக்குள்ளேயே இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நான்கு வருஷம் நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

"அப்ப இது அதானே சார்?" என்று கேட்டாள் தேன்மொழி. அன்றைக்காவது மனிதர் ஒரு 'ஆமாம்' சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"வெள்ளையா இருக்கு" என்றார்.

இரண்டு வடிகட்டிகளில் எடுத்த படங்களிலும் அளந்தாள். ஒரே விகிதத்தில் ஏறியிருந்தது. புள்ளிகளை வரிசையாக வைத்துக் கோடு போட்டாள். ஒரு பக்கம் ஏற்றம் அழகாக இருந்தது. மறுபக்கம் இறக்கமும் அழகாக இருந்தது. நடுவில், உச்சி இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றுமே இல்லை. ஏறிக்கொண்டே போன புள்ளிகள் நின்றுவிட்டன. மறுபடி தெரியும்போது இறங்கிக்கொண்டிருந்தன.

ஏன் என்று நாங்கள் யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. மலையில் ஒரு வழக்கம் உண்டு. முழுநிலவை ஒட்டிய நாட்களில் நிலா வெளிச்சம் ஜாஸ்தி என்பதால், மங்கலானவற்றைப் படம் எடுக்கமாட்டோம். எங்களுக்கு அது எழுதாத லீவு. திருவண்ணாமலை ஆட்களுக்கு இதைவிட வசதி கிடையாது, பௌர்ணமி கிரிவலத்துக்கு ஊரிலேயே இருக்கலாம். அந்த முதல் வருஷத்து இடைவெளியில் விழுந்தது கார்த்திகைப் பௌர்ணமி. ஊர்க்காரர்கள் நாங்கள் எல்லோரும் தீபத்துக்கு வந்துவிட்டிருந்தோம். நான் குடும்பத்தோடு செங்கம் ரோட்டில் நின்று அரோகரா சொல்லிக்கொண்டிருந்தேன். தேன்மொழி அப்பாவின் கடையில் சுண்டல் கட்டிக்கொண்டிருந்தாள்.

உச்சி இல்லாத கோட்டுக்குப் பொருள் இரண்டு. கூரான உச்சி என்றால் நாங்கள் தேடியது. மொழுக்கென்ற உச்சி என்றால், பல வருஷத்துக்கு ஒருமுறை மின்னும் ஏதோ ஒரு நட்சத்திரம். இரண்டையும் வரைந்து பார்த்தாள். இரண்டும் பொருந்தின.

சார் 'இருக்கக்கூடும்' என்ற சொல்லைத் தலைப்பிலேயே போடவைத்து, ஆய்வேட்டில் கையெழுத்திட்டார். வாய்மொழித் தேர்வு அன்று தேன்மொழியின் அப்பா கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். தேர்வாளர் வடக்கிலிருந்து வந்தவர், நல்ல மனிதர்தான். கோட்டைப் பார்த்ததும் ஆங்கிலத்தில் ஒரே கேள்வி கேட்டார். உச்சி எங்கே?

"அன்னிக்கு எங்க ஊர்ல தீபம் சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அவள் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சிரித்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்குத் தெருவில் நின்று தீபம் பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

அப்பாண்டைராஜ் சார் எழுந்து நின்றார். "எல்லாருக்கும் லீவு குடுத்தது நான். எனக்கு அந்தத் திருவிழா இல்ல, நான் மலையிலதான் இருந்தேன். நிலா இருந்துச்சு. வழக்கம்தானேன்னு நானும் கூரையத் திறக்கல" என்று தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்திலும் சொன்னார். அதற்குப்பின் யாரும் சிரிக்கவில்லை.

தேர்வாளர் யோசித்துவிட்டு, இன்னும் ஒரு குளிர்காலம் அந்த இடத்தைப் பாருங்கள், மறுபடி ஏறாவிட்டால் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார். கல்லூரிக்காரர்களும் அதுவரை இடத்தை வைத்திருக்க ஒப்புக்கொண்டார்கள்.

அந்த ஐந்தாம் சீசனைப் போல ஒரு காலத்தை நான் பார்த்ததில்லை. நான்கு வருஷம் ஏதாவது வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள், இப்போது ஒன்றும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டோம். யாரிடம் எப்படி வேண்டுவது என்றே தெரியவில்லை. என் மனைவி கோயிலுக்குப் போகும்போது, "அந்தப் பொண்ணுக்கு என்னன்னு வேண்டிக்கறது?" என்று கேட்டாள். "ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னு வேண்டிக்கோ" என்றேன். "அபசகுனமா பேசாதீங்க" என்று திட்டிவிட்டுப் போனாள்.

டேப் காலை பஸ்ஸில் வரும். தேன்மொழி சம்பளமில்லாமலேயே தினமும் வந்தாள். தை மாதம் ஒருநாள் கழித்த படத்தைத் திறந்தால், சரியாக அந்த இடத்தில் பளிச்சென்று வெள்ளை. அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் அந்த நாளின் மற்றப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எதிலும் இல்லை, அந்த ஒரு படத்தில் மட்டும்தான். வெளியிலிருந்து வரும் ஏதோ ஒரு துகள் கேமராவில் மோதினால் அப்படிப் பொறி விழும். மாதத்துக்கு நூறு விழும். அன்றைக்குப் பார்த்து அங்கேதான் விழ வேண்டுமா?

"பொறிதாம்மா. மத்ததுல இல்ல" என்றேன்.

"நல்லா பாத்தீங்களா அண்ணா?"

"நீயே வந்து பாரு."

வந்து பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

சீசன் முடியும்வரை அந்த இடம் சாம்பலாகவே இருந்தது. பட்டம் வந்தது, வேலையும் கிடைத்தது. அவள் அப்பா ஆபீஸுக்கு ஒரு கூடை சாமந்தி கொண்டுவந்து, "என்ன கண்டுபிடிச்சுதுன்னு கேட்டா, ஒண்ணும் வரலன்னு சொல்லுது. அதுக்குப் போயி டாக்டர் பட்டம் குடுத்துருக்காங்களே" என்றார். இந்த விஷயத்தில் நானும் அவரும் ஒரே வகுப்புதான் என்றேன்.

அப்புறம் திட்டம் முடிந்தது. சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். நானும் ஓய்வு பெற்றேன். தேன்மொழி வருஷா வருஷம் தீபத்தன்று போன் செய்வாள். "வந்துச்சா அண்ணா?" என்பாள். "வரலம்மா" என்பேன். "அப்பாடா" என்பாள். தீபாவளி வாழ்த்து மாதிரி இது ஒரு வழக்கமாகிவிட்டது.

போன வருஷம் சாரைப் பார்க்க அவர் ஊருக்குப் போனேன். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே எனக்கும் சாப்பாடு போட்டார்கள். பேச்சுவாக்கில், "நம்ம புள்ளி இந்த வருஷமும் வரல சார்" என்றேன்.

அவர் மோரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வரலையா, யாரும் பாக்கலையா?"

தொலைநோக்கியை வேறு வேலைக்குத் திருப்பி வருஷங்கள் ஆகிவிட்டன. புது மெஷின்களும் வேறெங்கோதான் பார்க்கின்றன. அந்த இடத்தை யாருமே பார்க்கவில்லை. அது எனக்குத் தெரியாததும் இல்லை. தெரிந்துகொண்டே இரண்டையும் எப்படி ஒன்றாக நினைத்தேன் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இந்த வருஷம் தீபத்தன்று வழக்கம்போல் செங்கம் ரோட்டில் நின்றேன். மலையில் தீபம் ஏறியதும் கூட்டம் மொத்தமும் அரோகரா என்றது. நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், அந்த நேரத்தில் ஆண்ட்ரோமீடா தீபத்துக்கு வலப்பக்கம், மேலே இருக்கும். நிலாவிலும் தெருவிளக்கிலும் ஒன்றும் தெரியாது. "தீபம் கீழ இருக்கு, நீங்க எங்க பாக்கறீங்க?" என்றாள் மனைவி. கூட்டத்தில் போன் லைன் கிடைக்காமல் கிடைக்காமல், கடைசியில் தேன்மொழியின் குரல் வந்தது.

"இந்த வருஷம் வந்துச்சா அண்ணா?"

"யாரும் பாக்கலம்மா" என்றேன்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நான் பாத்துட்டுதான் இருக்கேண்ணா" என்றாள். அடி அண்ணாமலையில் வீட்டு மொட்டைமாடியில், கல்லூரியின் சின்னத் தொலைநோக்கியை வடக்கே திருப்பி வைத்துக்கொண்டு நிற்கிறாளாம்.

"அதுல ஒண்ணும் தெரியாதேம்மா."

"தெரியாதுன்னு தெரியும்ணா. யாரும் பாக்கலன்னு ஆயிடக் கூடாதுல்ல."

மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். "வரக்கூடாதுன்னு பாக்கறியா, வரணும்னு பாக்கறியா?"

அவள் மாடியிலும் அரோகரா கேட்டது.

"தெரியலண்ணா" என்றாள்.